வாசகர் கேள்வி பதில்: மீன் முள், தங்கச் செருப்பு, ஓட்டைக் குடம்

ஆசிய நாடுகளில் சொல்லப்படும் சிண்ட்ரெல்லா கதைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: என் ஆறு வயது மகளுக்கு சிண்ட்ரெல்லா என்றால் நீல கவுன், பூசணிக்காய் வண்டி, கண்ணாடிச் செருப்பு அவ்வளவுதான். இந்தக் கதை சீனாவில் அதற்கு முன்பே இருந்தது என்று அவள் அப்பா சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்மைதான். உங்கள் மகளுக்குத் தெரிந்த பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் பிரான்சில் ஷார்ல் பெரோ 1697ல் எழுதியதிலிருந்து வந்தவை. சீனாவில் தாங் வம்சத்துக் காலத்தில் துவான் செங்ஷி என்ற அதிகாரி, ஊர் உலகத்தில் தான் கேட்ட அதிசயங்களையெல்லாம் ஒரு நூலில் எழுதி வைத்தார். அவர் இறந்தது 863ல். அந்த நூலில்தான் யே ஷியன் என்ற பெண்ணின் கதை வருகிறது. ஆக, பெரோவுக்கு எண்ணூறு வருஷத்துக்கும் மேல் முந்தியது. எகிப்தில் ஒரு பெண்ணின் செருப்பைக் கழுகு தூக்கிப்போய் அரசன் மடியில் போட்டதாகக் கிரேக்கர்கள் எழுதியது இதற்கும் முந்தியதுதான், ஆனால் அதில் சித்தியும் கிடையாது, வீட்டில் படும் பாடும் கிடையாது. கதை முழுசாக முதலில் எழுத்தில் கிடைப்பது சீனாவில்தான்.

இன்னொரு விஷயமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தக் கதையைத் தனக்கு யார் சொன்னார் என்று துவான் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் முன்பு வேலை செய்த லி ஷியுவான். இன்றைய குவாங்ஷியில், நான்னிங் பக்கத்து மலைக்குகை மக்களில் ஒருவர். ஆக இது அரண்மனைக் கதை கிடையாது. தென்கோடி மலை மக்கள் சொன்ன கதை, ஒரு வேலைக்காரர் வாய்வழியாக ஏட்டுக்கு வந்திருக்கிறது.

கதை இப்படி. யே ஷியனுக்கு முதலில் அம்மா போகிறாள், அப்புறம் அப்பாவும். சித்தி அவளை ஆபத்தான இடங்களுக்கு விறகு பொறுக்கவும் தண்ணீர் எடுக்கவும் அனுப்புகிறாள். ஒருநாள் தண்ணீரில் இரண்டு அங்குல மீன் ஒன்று கிடைக்கிறது, சிவப்புத் துடுப்பு, தங்கக் கண். அதைச் சட்டியில் வளர்க்கிறாள், சட்டி போதாமல் பெரிய சட்டி, அதுவும் போதாமல் கடைசியில் பின்பக்கக் குளத்தில் விடுகிறாள். தனக்குக் கிடைக்கும் சோற்றில் மீதி வைத்து அதற்குப் போடுகிறாள். அவள் வந்தால் மட்டும் மீன் கரையில் தலைவைத்துப் படுக்கும், வேறு யார் போனாலும் வெளியே வராது. இது தெரிந்த சித்தி அவளுக்குப் புதுச்சட்டை கொடுத்துத் தொலைவிலுள்ள சுனைக்கு அனுப்பிவிட்டு, அவளுடைய பழைய சட்டையைத் தான் போட்டுக்கொண்டு, கத்தியைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு போய் மீனைக் கூப்பிடுகிறாள். மீன் சட்டையைப் பார்த்து ஏமாந்து தலையைத் தூக்குகிறது. குழந்தைகள் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அவசரப்படாமல் சொல்லுங்கள்.

அப்புறம் மீனைச் சமைத்துத் தின்றுவிட்டு முள்ளைக் குப்பைக்குழியில் புதைக்கிறாள் சித்தி. வானத்திலிருந்து தலைவிரி கோலமாக இறங்கிவரும் ஒருவர் அந்த இடத்தைச் சொல்கிறார், முள்ளை எடுத்து வைத்துக் கேட்டால் எதுவும் கிடைக்கும் என்கிறார். திருவிழாவுக்கு மீன்கொத்தி நிறத்து மேலாடையும் தங்கச் செருப்பும் வருவது அந்த முள்ளிடமிருந்துதான். அந்தச் செருப்பு மயிர்போல லேசு, கல்லில் நடந்தாலும் சத்தம் வராது என்று எழுதியிருக்கிறது. சித்தியின் மகளான தங்கை அடையாளம் கண்டுகொள்ள, ஓடிவரும் அவசரத்தில் ஒரு செருப்பு நழுவுகிறது. சித்தி வீட்டுக்கு வந்து பார்த்தால் யே ஷியன் முற்றத்து மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். செருப்பு கைமாறிக் கைமாறி ஒரு தீவு ராஜாவிடம் போய்ச் சேருகிறது, அவன் தேடிக்கொண்டு வருகிறான். பெரும்பாலான படக்கதைகள் இங்கே முடிந்துவிடும். மூலத்தில் மேலே போகிறது: ராஜா பேராசைப்பட்டு முள்ளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறான், ஒரே வருஷத்தில் முள் பதில் கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. கடற்கரையில் முத்துக்களோடு அதைப் புதைத்துவைக்கிறான், பிற்பாடு கடல் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இந்தப் பகுதியை விடாமல் சொல்லுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு ராஜாவும் பேராசைக்காரனாக இருக்கலாம் என்பது நன்றாகவே புரியும்.

கேள்வி: மலேசியப் பள்ளியில் படிக்கும் என் பையன் பாவாங் மேரா நல்லவள், பாவாங் பூத்தே கெட்டவள் என்கிறான். எங்கள் வீட்டு இந்தோனேசியப் பணிப்பெண் அப்படியே மாற்றிச் சொல்கிறார். இருவரும் சண்டை போடாத குறைதான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், கிள்ளான்

பதில்: இரண்டு பேரும் சரி. பாவாங் மேரா என்றால் சின்ன வெங்காயம், பாவாங் பூத்தே என்றால் வெள்ளைப்பூண்டு. மலேசியாவில் நல்ல பெண்ணுக்குப் பெயர் சின்ன வெங்காயம், இந்தோனேசியாவில் நல்லவள் வெள்ளைப்பூண்டு. பெயர் மட்டும் இல்லை, கதையே வேறு. மலாய்க்காரர்கள் சொல்வதில் இறந்த அம்மா குளத்து மீனாக வருகிறாள், மீனைக் கொன்றபின் அதன் முள்ளைப் புதைத்த இடத்தில் மரம் முளைக்கிறது, மரத்தில் ஊஞ்சல். மகள் உட்கார்ந்து பாடினால்தான் அது ஆடும், தங்கை உட்கார்ந்தால் அசையாது. இளவரசன் அந்தப் பாட்டைக் கேட்டு வருகிறான். இந்தோனேசியாவில் சொல்வதில் அந்தப் பெண் ஆற்றில் துணி துவைக்கும்போது ஒரு துணி அடித்துப்போய்விடுகிறது, அதைத் தேடிப் போய் ஒரு பாட்டி வீட்டில் வேலை செய்து கொடுக்கிறாள், சம்பளமாகப் பெரிய பூசணியா சின்னப் பூசணியா என்று கேட்டதற்குச் சின்னது போதும் என்கிறாள். அதற்குள் நகை. பேராசையில் பெரியதை வாங்கிவந்த தங்கைக்குப் பாம்பு.

பையனும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொரு நாள் தங்கள் கதையை முழுசாகச் சொல்லட்டும், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். அவர் ஊரில் அவருக்குச் சொன்ன கதை அது, உங்கள் வீட்டில் அதற்கும் மரியாதை வேண்டும்.

கேள்வி: வியட்நாம் சிண்ட்ரெல்லா கதையின் முடிவைப் படித்து அதிர்ந்துபோனேன். இதையா குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள்? ஆறாம் வகுப்புக்குச் சொல்ல நினைத்திருந்தேன், இப்போது தயக்கமாக இருக்கிறது.
– ஓர் ஆசிரியை, விழுப்புரம்

பதில்: தயங்குவதில் தப்பே இல்லை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்கா டாம், சித்தியின் மகளான தங்கை காம். டாம் பிடித்த இறால், மீன் எல்லாவற்றையும் காம் ஏமாற்றி எடுத்துக்கொள்ள, கூடையில் ஒரு குட்டி மீன் மட்டும் மிஞ்சுகிறது. அதைக் கிணற்றில் விட்டு, தினமும் தன் சோற்றில் பங்கு கொடுத்து வளர்க்கிறாள். "வா, எங்கள் வீட்டுத் தங்கச் சோறு, வெள்ளிச் சோறு தின்ன வா, அடுத்தவர் வீட்டுக் கஞ்சி உனக்கு வேண்டாம்" என்று பாடித்தான் கூப்பிடுவாள். சீனக் கதை மாதிரியே மீனைக் கொல்கிறார்கள், முள்ளிலிருந்து உடையும் செருப்பும் வருகின்றன. கீழே விழுந்த செருப்பு இருக்கும் இடத்தில் ராஜாவின் யானை நகராமல் நின்றுவிடுகிறது. கல்யாணம் ஆகிறது.

கதை பாதிதான் முடிந்திருக்கிறது. அப்பாவின் திதிக்கு ஊருக்கு வந்த டாம் படையலுக்காகக் கமுகு மரத்தில் ஏறுகிறாள், கீழே சித்தி மரத்தை வெட்டுகிறாள். டாம் செத்துப்போக, அவள் உடைகளைப் போட்டுக்கொண்டு காம் அரண்மனைக்குப் போகிறாள். டாம் பறவையாக வருகிறாள், அதைக் கொன்று தின்கிறார்கள். மரமாக வருகிறாள், வெட்டித் தறி செய்கிறார்கள். தறி பேசுகிறது, எரிக்கிறார்கள். சாம்பல் கொட்டிய இடத்தில் ஒரு பழமரம் முளைத்து ஒரே ஒரு பழம், மஞ்சளாக, வாசனையாக. ஒரு கிழவி அதைப் பார்த்து, "பழமே பழமே என் பையில் விழு, மோந்து பார்ப்பேன், தின்னமாட்டேன்" என்கிறாள். விழுகிறது. கிழவி வெளியே போனதும் பழத்துக்குள்ளிருந்து டாம் வந்து வீடு கூட்டி, சோறு ஆக்கி வைக்கிறாள். ஒருநாள் ராஜா அந்தக் கிழவி வீட்டுப் பக்கம் வந்து உட்கார்கிறான். கிழவி வெற்றிலை கொடுக்கிறாள். அந்த மடிப்பு அவனுக்குத் தெரியும், அது டாம் மடித்துத் தரும் மடிப்பு. அப்படித்தான் மனைவியைக் கண்டுபிடிக்கிறான். நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், திதியும் வெற்றிலையும் பாக்கும் அவர்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

நீங்கள் அதிர்ந்தது இதற்குப் பிறகு. உன்னைப்போல் அழகாவது எப்படி என்று காம் கேட்க, டாம் அவளைக் குழியில் நிற்கவைத்துக் கொதிக்கும் நீரை ஊற்ற வைக்கிறாள், உடலை ஊறவைத்து ஜாடியில் போட்டுச் சித்திக்கு அனுப்புகிறாள், அவள் ருசித்துச் சாப்பிட்டு முடிக்கும்போது அடியில் மண்டையோடு. வியட்நாமிலேயே பாடப்புத்தகத்தில் இந்த முடிவு இருக்கலாமா என்று பெரிய விவாதம் நடந்திருக்கிறது. அநியாயம் அத்தனை தடவை நடந்தது, அதற்கு இதுதான் பதில் என்று ஒரு கட்சி. இவ்வளவு நல்லவளாகக் காட்டியவளை இப்படிச் செய்ய வைப்பதா என்று இன்னொரு கட்சி.

என் முடிவு இது: ஆறாம் வகுப்புக்கு ஜாடி வேண்டாம். ராஜா டாமை அழைத்துப்போனதும், தாயும் மகளும் தங்கள் தீமையாலேயே அழிந்தார்கள் என்று ஒரே வரியில் முடியுங்கள். அப்படி முடிக்கும் வடிவங்கள் அங்கேயே உண்டு. ஆனால் இந்தச் சாக்கில் இரண்டாம் பாதி முழுவதையும் வெட்டிவிடாதீர்கள். பறவை, மரம், தறி, பழம் என்று திரும்பத் திரும்ப வருகிறாளே, அதுதான் இந்தக் கதையின் உயிர். கல்யாணத்தோடு நிறுத்தினால் அது பாரிஸ் கதைக்குப் பாவாடை மாற்றிய மாதிரிதான் இருக்கும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு என்றால் முழுசாகவே சொல்லி, டாம் செய்தது சரியா என்று கேட்டு வாதாட விடுங்கள்.

கேள்வி: நான் இரண்டாம் தாரமாக வந்தவள். எட்டு வயதுப் பெண் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். பள்ளியில் சிண்ட்ரெல்லா நாடகம் போட்ட பிறகு ஒரு மாதிரி விலகியே இருக்கிறாள். இந்தக் கதைகளில் சித்தி என்றால் ஏன் எப்போதும் கெட்டவள்?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு கடிதத்தைக் கையில் எடுக்க முடியவில்லை. பிரசவத்தில் தாய்மார்கள் நிறைய இறந்த காலங்களில் உருவான கதைகள் இவை. வீட்டில் சோறும் துணியும் குறைவு, பங்குபோட ஆட்கள் அதிகம். அந்தப் பயமெல்லாம் சேர்ந்து ஒரே பெண்மேல் விழுந்தது. அப்பாக்களைப் பாருங்கள், ஒருவர் செத்துப்போகிறார், ஒருவர் வியாபாரத்துக்குப் போகிறார், பெரோவின் கதையில் உயிரோடு இருந்தும் வாயே திறப்பதில்லை. கதை அவர்களை எதுவும் கேட்பதில்லை. இது அநியாயம்தான்.

அவள் கதையை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, மறைக்க முடியாது. அதனால் மேலே சொன்ன வியட்நாம் கிழவியிடம் அவளைக் கூட்டிப்போங்கள். வீட்டு வேலையெல்லாம் யார் செய்கிறார்கள் என்று கிழவி ஒருநாள் ஒளிந்திருந்து பார்க்கிறாள். பழத்திலிருந்து டாம் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, அவள் திரும்ப உள்ளே போகமுடியாதபடி அந்தத் தோலைக் கிழித்துப் போடுகிறாள். அதிலிருந்து இருவரும் தாயும் மகளுமாக இருக்கிறார்கள். பெறாதவள்தான், ஆனால் அந்தக் கதையில் டாமுக்கு மறுபடி ஒரு வீடு கொடுத்தது அவள்தான். கிழவி கட்டிப்பிடிக்கும் இடம் வரும்போது நீங்களும் மகளைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: செருப்பே இல்லாத சிண்ட்ரெல்லா உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. தாய்லாந்தில் சொல்லும் தங்க மீன் கதையில் அம்மாதான் மீன். மீனைக் கொன்றதும் அதன் செதிலை மகள் புதைக்கிறாள், கத்தரிச் செடி முளைக்கிறது. அதையும் பிடுங்கிப் போடுகிறார்கள், மிஞ்சிய விதையை நடுகிறாள், வெள்ளி அரசமரமும் தங்க அரசமரமும் வளர்கின்றன. ராஜாவின் ஆட்களால் அவற்றைப் பெயர்க்க முடியாது, அவளால்தான் முடியும். ஜப்பானில் பத்தாம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் எழுதப்பட்ட ஓச்சிகுபோ கதையில் மந்திரமே கிடையாது. தரை தாழ்ந்த ஓர் அறையில் பெண்ணை அடைத்து மலைமலையாகத் தையல் வேலை கொடுக்கிறார்கள், அகோகி என்ற பணிப்பெண்தான் துணை. பன்னிரண்டு வயதுக்கு மேல் பிடிக்கும்.

கொரியாவின் கோங்ஜ்வி கதையில் செருப்பு உண்டு, ஆனால் எனக்குப் பிடித்த இடம் செருப்பு இல்லை. அங்கேயும் தங்கை அக்காவைக் குளத்தில் தள்ளிக் கொன்றுவிட்டு அவள் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். கணவன் ஒரு விருந்துக்குப் போகிறான், அவனுக்கு வைத்த சாப்பாட்டுக் குச்சிகளில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. என்ன இது, ஜோடி சேரவில்லையே என்கிறான். குச்சி மாறியது தெரிகிறது, மனைவி மாறியது தெரியவில்லையா என்று கோங்ஜ்வியின் குரல் கேட்கிறது.

கேள்வி: நம் நாட்டில் இந்தக் கதை இல்லையா?
– ஓர் ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: நிறைய இருக்கிறது, இரண்டைச் சொல்கிறேன். கர்நாடகத்தில் ஏ. கே. ராமானுஜன் கேட்டு எழுதிய ஹஞ்சி கதையில் சித்தி கிடையாது. தங்க முடி உள்ள பெண், மண்ணால் செய்த முகமூடியைப் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுத் தப்பி வேறு ஊரில் சமையல் வேலை செய்கிறாள். அவள் ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்பது சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை, கூடப்பிறந்த அண்ணனே அவளை மணக்க ஆசைப்படுகிறான். அதனால் கொஞ்சம் வளர்ந்தபின் சொல்லுங்கள்.

இன்னொன்று அசாமின் தேஜிமோலா. லக்ஷ்மிநாத் பேஜ்பருவா 1911ல் கொண்டுவந்த பாட்டி கதைகளின் தொகுப்பில் இருக்கிறது, அசாமில் இதைத் தெரியாத குழந்தை அபூர்வம். தோழி கல்யாணத்துக்குப் போகும் தேஜிமோலாவுக்குச் சித்தி பட்டுத்துணி மடித்துக் கொடுக்கிறாள், அங்கே போய்ப் பிரித்துக்கொள் என்கிறாள். ஒரு மடிப்பில் எலி, இன்னொன்றில் தீக்கங்கு. துணி பாழானதற்குத் தண்டனை என்று காலால் மிதிக்கும் உலக்கையில் நெல் குத்த வைத்து, அதிலேயே அவளைக் கொன்றுவிடுகிறாள். புதைத்த இடத்தில் சுரைக்கொடி முளைக்கிறது. பிச்சைக்காரி ஒருத்தி காய் பறிக்கப் போக, கை நீட்டாதே, காய் பறிக்காதே, நான் தேஜிமோலா என்று கொடி பாடுகிறது. கொடியைப் பிடுங்கினால் நாரத்தை மாதிரிப் புளிப்புக் காய் மரம், அதை வெட்டி ஆற்றில் விட்டால் தாமரை. வியாபாரம் முடிந்து படகில் திரும்பும் அப்பா மகளுக்காக அந்தப் பூவைப் பறிக்கக் கை நீட்ட, அவருக்கும் அதே பாட்டு. நீ என் தேஜிமோலா என்றால் மைனாவாக மாறி இந்தத் தாம்பூலத்தைத் தின்னு என்று தான் மென்றதைக் கையில் வைத்து நீட்டுகிறார். மைனா வந்து தின்கிறது. கூண்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார், அங்கே மறுபடி பெண்ணாகிறாள்.

ராஜாவும் இல்லை, கல்யாணமும் இல்லை. அப்பாவுக்கு மகள் திரும்பக் கிடைக்கிறாள், அதோடு கதை முடிகிறது. அதனாலேயே இதை முதலில் சொல்லுங்கள் என்பேன். உலக்கைக் காட்சியை மட்டும் ஒரு வரிக்குள் முடித்துவிட்டுப் பாட்டுக்கு நேரம் கொடுங்கள், வகுப்பே சேர்ந்து பாடட்டும்.

கேள்வி: முஸ்லிம் நாடுகளில் இந்தக் கதை உண்டா?
– ஒரு வாசகி, காயல்பட்டினம்

பதில்: ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் நெற்றியில் நிலா உள்ள பெண்ணின் கதை இருக்கிறது. மாடு மேய்க்கும் பெண்ணுக்குச் சித்தி பஞ்சு கொடுத்து நூற்று வரச் சொல்ல, மாடே அந்த வேலையை முடித்துக் கொடுக்கிறது. காற்றில் பறந்த பஞ்சைத் தேடிப் போன இடத்தில் ஒரு கிழவியிடம் பணிவாக நடந்துகொள்கிறாள், நெற்றியில் நிலா கிடைக்கிறது. பெண்கள் மட்டும் கூடி நேர்ச்சைச் சாப்பாடு சமைக்கும்போது இந்தக் கதையைச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு, ஆண்களுக்கு அனுமதி இல்லை. சில வடிவங்களில் பெண்ணே பெற்ற தாயின் சாவுக்குக் காரணமாகிறாள், சின்னவர்களுக்கு அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாமா, இந்தக் கதைகளில் தேவதை ஏன் வருவதில்லை?
– நான்காம் வகுப்பு மாணவி, புதுச்சேரி

பதில்: நல்லாக் கேட்டாய் கண்ணு. மந்திரக்கோல் வைத்திருக்கும் தேவதை பெரோவின் கதையில் வருகிறவள். நம் பக்கத்துக் கதைகளில் அந்த வேலையை மீனும் மாடும் குருவியும் பார்த்துக்கொள்ளும். வியட்நாமில் வெள்ளைத்தாடித் தாத்தா ஒருவரும் வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்பார். கொரியாவில் கோங்ஜ்விக்கு உதவ வானத்திலிருந்து ஒரு கறுப்பு மாடு வரும், நெல்லுக்கு உமி நீக்கிக் கொடுக்கக் குருவிக் கூட்டம் வரும். எனக்கு ரொம்பப் பிடித்தது தேரை. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பு என்று சித்தி சொல்லிவிட்டுப் போய்விடுவாள். எத்தனை குடம் ஊற்றினாலும் நிற்காது. அப்போது ஒரு தேரை தத்தித்தத்தி வந்து, பானைக்குள் போய், தன் முதுகால் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பானையையே அடைக்கிற தேரை எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று நீயே வரைந்து அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறோம்.